மலையிலிருந்து ஜென்னிங்ஸை வாசிப்பது

பேராதனையில் படித்தவர்களுக்கு ஐவர் ஜென்னிங்ஸை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், ஹந்தானை அடிவாரத்தில் மகாவலி ஓரமாக அந்த வளாகத்தை எழுப்பிய மனிதர். ஒரு விடுதி இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. ஆனால் அவர் எழுதிய புத்தகங்களில் ஒன்றையாவது வாசித்திருக்கிறீர்களா என்று கேட்டால், சட்டம் படித்த சிலரைத் தவிர எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எனக்கு இதில் நெடுநாளாக ஒரு ஆதங்கம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட மலையக மக்களின் வாக்குரிமை பறிபோன கதையை எழுதும்போதெல்லாம் நாம் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவை எழுதுகிறோம், அந்த மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸை எழுதுகிறோம், 1948 என்று ஆண்டைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தச் சட்டங்களை நீதிமன்றத்தில் ஏன் வீழ்த்த முடியவில்லை, காப்பு என்று ஒரு பிரிவு எழுதி வைத்திருந்தும் அது ஏன் நம்மைக் காக்கவில்லை என்று விளங்கவேண்டுமானால் ஜென்னிங்ஸை வாசித்தே ஆகவேண்டும். அதுவும் கேம்பிரிட்ஜிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வாசிப்பதைவிட, இங்கே மலையில் உட்கார்ந்து வாசித்தால் அந்தப் புத்தகங்கள் வேறு மாதிரிப் பேசுகின்றன.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1903இல் பிரிஸ்டலில் பிறந்தார், கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தார், லீட்ஸில் கொஞ்ச காலம் கற்பித்துவிட்டு 1929 முதல் லண்டன் பொருளியல் கல்லூரியில் இருந்தார். அங்கே இருந்தபோதுதான் அவருடைய பெரிய புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே ஆங்கிலத்தில் எழுதியவை, தலைப்புகளை இங்கே தமிழில் தருகிறேன். 1933இல் ‘சட்டமும் அரசியலமைப்பும்’, 1936இல் ‘அமைச்சரவை அரசாங்கம்’, 1939இல் ‘பாராளுமன்றம்’. முப்பது வயதில் முதலாவதை எழுதி முடித்திருக்கிறார். அந்த முதல் புத்தகத்தில்தான் நாம் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் பிற்பாடு இலங்கையில் நடந்ததற்கெல்லாம் விதை அதில் இருக்கிறது.

அப்போது ஆங்கில அரசியலமைப்பு என்றால் சட்ட அறிஞர் டைசிதான். 1885இல் அவர் எழுதிய நூலை வேதம் மாதிரி ஓதிக்கொண்டிருந்தார்கள். பாராளுமன்றம் எந்தச் சட்டத்தையும் ஆக்கலாம், எதையும் நீக்கலாம் என்பது டைசி சொன்ன பெரிய விதி. ஜென்னிங்ஸ் அந்த விதியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறார். பாரிஸ் தெருக்களில் புகை பிடிப்பது குற்றம் என்று லண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போடலாம், ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் அது செல்லுபடியான சட்டம்தான் என்று உதாரணம் காட்டுகிறார். அப்படியானால் பாராளுமன்றத்தை உண்மையில் அடக்கி வைப்பது எது? சட்டப் புத்தகத்துக்குள் மட்டும் தேடினால் பதில் கிடைக்காது என்பது அவருடைய வாதம். கட்சி இருக்கிறது, பொதுசன அபிப்பிராயம் இருக்கிறது, எதிர்க்கட்சி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்த தேர்தல் இருக்கிறது. வாக்காளனுக்குப் பயந்துதான் பாராளுமன்றம் நடந்துகொள்ளும். எதிர்க்கட்சி இல்லாத இடத்தில் ஜனநாயகமே இல்லை என்று ‘அமைச்சரவை அரசாங்க’த்தில் அவர் அடித்துச் சொல்வதும் இதே நம்பிக்கையில்தான்.

எழுதப்படாத வழமைகளைப் பற்றி ‘சட்டமும் அரசியலமைப்பும்’ நூலில் அவர் கேட்கும் மூன்று கேள்விகள் உலகப் புகழ் பெற்றவை. இதற்கு முன்பு இப்படி நடந்திருக்கிறதா? நடந்துகொண்டவர்கள் தாங்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று நம்பினார்களா? அந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறதா? நான் ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்தப் பகுதியை விளக்கும்போது தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைத்தான் சொல்வேன். முதல் மரியாதை யாருக்கு என்று எந்தக் கடதாசியிலும் இல்லை. ஆனால் வருசா வருசம் ஒரு வீட்டுக்குத்தான் கொடுக்கிறார்கள், கொடுக்காவிட்டால் தப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஏன் அந்த வீட்டுக்கு என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். 1981இல் கனடாவின் உயர் நீதிமன்றம், மாகாணங்களின் சம்மதம் கேட்காமல் அரசியலமைப்பைத் திருத்தப் போவது சரியா என்ற பெரிய வழக்கில் இந்த மூன்று கேள்விகளை வைத்துத்தான் பதில் தேடியது.

இப்படி எழுதியவர் 1941இல் கொழும்புக்கு வந்து இறங்குகிறார், பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக. அடுத்த வருசம் ஜூலை 1ஆம் திகதி அது இலங்கைப் பல்கலைக்கழகமாகிறது. பேராதனையில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் வளாகம் ஒன்று எழவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம், அதில் அவர் வென்றார். அந்த வேலைக்கு நடுவில், சத்தமில்லாமல், டி. எஸ். சேனநாயக்கவின் அரசியலமைப்பு ஆலோசகராகவும் இருந்தார். 1944இல் அமைச்சர்கள் முன்வைத்த அரசியலமைப்பு வரைபு பெரும்பாலும் அவர் கைப்பட எழுந்தது. பிரித்தானிய அரசு அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு வந்து, பார்த்து, கேட்டு, பெருமளவுக்கு அந்த வரைபைத்தான் ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டின் அரசியலமைப்பு வரைபில் இவ்வளவு பெரிய பங்கு எடுத்தவரே பிறகு அந்த நாட்டின் அரசியலமைப்புக்கு விளக்கவுரையும் எழுதுவது எங்கும் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. ஜென்னிங்ஸ் இரண்டையும் செய்தார். 1949இல் ‘இலங்கையின் அரசியலமைப்பு’ வந்தது. அதற்கு முந்திய வருசமே ‘இலங்கையின் பொருளாதாரம்’ வந்துவிட்டது. 1952இல் எச். டபிள்யூ. தம்பையாவோடு சேர்ந்து இலங்கைச் சட்டத்தின் வளர்ச்சியைப் பற்றிய பெரிய நூல் ஒன்றும் வந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் ஆழ்ந்த அறிவுள்ளவர் தம்பையா, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதியரசரானவர்.

அப்படி வந்த சோல்பரி அரசியலமைப்பு யாப்பில் அடிப்படை உரிமைகள் என்று தனி அத்தியாயம் கிடையாது. அதற்குப் பதிலாக 29(2) என்ற பிரிவு இருந்தது. ஒரு சமூகத்தவரையோ ஒரு மதத்தவரையோ மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தடைக்கு ஆளாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது, ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையும் இயற்ற முடியாது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்: சிறுபான்மையோர் காப்பீடுகள், ஒன்று 29(2), இரண்டு செனற் சபை, மூன்று கோமறைக் கழகம் (லண்டனிலிருந்த இறுதி மேன்முறையீட்டு மன்றம்), நான்கு அரசாங்க சேவை ஆணைக்குழு என்று வரிசையாக. ஒரு தடவை பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “சேர், இவ்வளவும் இருந்திச்சின்னா நம்ம ஆளுங்களுக்கு எப்படி சேர் வாக்கு இல்லாமப் போச்சு?” பாடநூலில் இதற்கு விடை இல்லை. இந்தக் கட்டுரையே அந்தப் பிள்ளைக்குத்தான்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருசம் 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது அது. பிறப்பைப் பதிகிற பழக்கமே சரியாக இல்லாத லயங்களில், தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில், தகப்பனுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்பு, கலியாணம் முடித்தவர்கள் ஏழு வருசமும் முடிக்காதவர்கள் பத்து வருசமும் இடைவிடாமல் இங்கே வசித்திருந்தால் பதிவுப் பிரஜையாக விண்ணப்பிக்கலாம். அதே வருசம் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்து, பிரஜை இல்லாதவர்களின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்தது. மூன்று சட்டங்கள். எதிலும் தமிழர் என்ற சொல்லோ தோட்டத் தொழிலாளி என்ற சொல்லோ தடையாக எழுதப்படவில்லை.

எங்கள் தாத்தாவும் விண்ணப்பித்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய அம்மா திருச்சிப் பக்கத்தில் செத்துப்போனதற்குக் காரியம் செய்யப் போயிருக்கிறார். தலைமன்னார் வழியாகப் போய், தம்பியுடைய கடனை ஒரு வழி பண்ணிவிட்டு, மண்டபம் முகாமில் கிடந்து திரும்பி வரும்போது ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பியிருந்தால் சட்டம் அதைப் பெரிதாக எடுத்திருக்காது. விசாரணைக்குப் போன கதையை அப்பாயி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். “அங்க யார் இருக்கா, காசு அனுப்புறியா, எத்தனை தடவை அனுப்புன” என்றுதான் திரும்பத் திரும்பக் கேள்வி. தாத்தா ஒளிக்கத் தெரியாதவர். அம்மா இருந்தவரைக்கும் அனுப்பினேன் சாமி என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலும் அவருக்கு எதிராக எழுதப்பட்டது. நிராகரித்து வந்த கடிதம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன மஞ்சள் தாள், பெயரில் ஒரு எழுத்துப் பிழை, கீழே ஊதா மையில் ஒரு முத்திரை. தாத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை வாசித்துச் சொன்னாராம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களுக்காக அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போனது, பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

நீதிமன்றத்துக்குப் போகாமலும் இருக்கவில்லை. கேகாலை மாவட்டத்தில் ருவன்வெல்லத் தொகுதியில் கோடகன்பிள்ளை என்பவர் தன் பெயரை இடாப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். இந்தச் சட்டங்கள் 29(2)க்கு முரண், ஆகவே செல்லாது என்பது வாதம். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார். 1951இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் லண்டனில் கோமறைக் கழகம் இறுதித் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் ஒரு இடம் இருக்கிறது, எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு மனசு ஆறாது. நேரடியாக விதியை மீறாமல் எழுதப்பட்ட சட்டமும் மறைமுகமாக அதே காரியத்தைச் செய்யலாம், அப்படிச் செய்தால் அது செல்லாது என்று நீதியரசர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். கதவு திறந்துவிட்டது என்று நினைப்போம். உடனே, தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டின் சட்டசபைக்கும் இயல்பான வேலை என்றும், 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் தமிழர்களுக்குப் பிரஜையாவதற்கு வழி ஒன்றைத் திறந்துதானே வைத்திருக்கிறது என்றும் சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்த வழி எப்படிப்பட்டது என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற தாத்தா போன்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஜென்னிங்ஸின் 1933ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். பாராளுமன்றத்தை அடக்குவது வாக்காளன் என்றார். நல்லது. வாக்காளர் இடாப்பையே பாராளுமன்றம் திருத்தி, ஒரு மக்கள் கூட்டத்தை அதிலிருந்து எடுத்துவிட்டால் அவர்களுக்காக யார் பாராளுமன்றத்தை அடக்குவது? எதிர்க்கட்சி இல்லாமல் ஜனநாயகம் இல்லை என்றார். 1952இல் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர்கூடப் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை, கொழும்பில் சத்தியாக்கிரகம்தான் நடந்தது. 1947இல் வென்றவர்களில் ஒருவரான தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் பாராளுமன்றத்துக்குப் போனது 1977இல், முப்பது வருசம் கழித்து. ஜென்னிங்ஸின் கோட்பாட்டில் எல்லாக் காப்பும் வாக்குரிமை என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணி பிடுங்கப்படலாம் என்பதற்கு அவரிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. இங்கிலாந்தில் அது நடக்காது என்ற நம்பிக்கையை அவர் இங்கே கொண்டுவந்தார். இதை அவர் மேல் கோபத்தில் சொல்லவில்லை. அவருடைய அறிவு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அவ்வளவு தெளிவாக எழுதிய அரசியலமைப்பு அறிஞர்கள் குறைவு. ஆனால் இந்த ஓட்டையை முதலில் கண்டது எந்த விமர்சகரும் இல்லை, நம்முடைய லயங்கள்தான்.

இது நடந்துகொண்டிருந்தபோது அவர் இங்கேயேதான் இருந்தார் என்பதுதான் நெஞ்சை நெருடுகிறது. பேராதனை வளாகம் எழுந்த இடமே நியூ பேராதனைத் தோட்டம் என்ற தோட்ட நிலம். கலஹாப் பக்கம் கொஞ்ச தூரம் மேலே ஏறினால் தேயிலை மலை தொடங்கிவிடும்.

அதற்குப் பிறகு அவர் எழுதியவற்றையும் பார்ப்போம். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய அரசியலமைப்பைப் பற்றி உரைகள் ஆற்றினார், அடுத்த வருசம் அது புத்தகமானது. மிக நீளம், மிக இறுக்கம், வழக்கறிஞர்களுக்குச் சோறு போடும் யாப்பு என்பது மாதிரியான தொனி. 1956இல் வந்த ‘சுயாட்சியை நோக்கி’ என்ற புத்தகத்தில் உரிமைச் சாசனம் தேவையே இல்லை, பிரித்தானியாவில் அப்படி ஒன்று இல்லாமலேயே சுதந்திரத்தை நன்றாகக் காப்பாற்றுகிறோம் என்று வாதிக்கிறார். கோமறைக் கழகத் தீர்ப்பு வந்து மூன்று வருசம்தான் ஆகியிருந்தது. எனக்கு அந்தப் பக்கங்களை வாசிக்க உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. இந்தியாவின் அந்த நீளமான, இறுக்கமான யாப்பு எத்தனை குறைகளோடு இருந்தாலும், சமத்துவம் கேட்டு நேரே நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை எழுத்தில் கொடுத்திருந்தது. தாத்தாவின் கையில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் போகாது.

ஆனால் அத்தோடு நிறுத்திவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். 1956, 57இல் மலாயாவுக்கு அரசியலமைப்பு வரைந்த ரீட் ஆணைக்குழுவில் ஜென்னிங்ஸும் ஓர் உறுப்பினர். மலாயாவிலும் நம்மைப் போலவே தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் இருந்தார்கள், பிரஜாவுரிமைதான் அங்கேயும் பெரிய சண்டை. அந்த ஆணைக்குழு, சுதந்திரத் தினத்தன்றும் அதற்குப் பிறகும் அந்த மண்ணில் பிறக்கும் பிள்ளைகள் சட்டப்படியே பிரஜைகள் என்று பரிந்துரைத்தது. யாப்பில் அடிப்படைச் சுதந்திரங்களுக்குத் தனிப் பகுதியும் வந்தது. ஐந்து பேர் கொண்ட குழுவில் யார் எதற்கு அழுத்தம் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. இலங்கையில் கண்டதிலிருந்து ஏதோ ஒன்று அந்த மேசைக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லாத ஊகம்.

1954இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹோல் கல்லூரிக்குத் தலைவராகத் தெரிவானார், 1960களின் தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார், பிரித்தானியக் கட்சி அரசியலைப் பற்றி மூன்று பாகம் எழுதினார், 1965 டிசம்பரில் காலமானார். அவருடைய இறப்புக்கு முந்திய வருசம் இரண்டு காரியங்கள் நடந்தன. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நம்மில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள், மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். அதே வருசம் லஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில் கோமறைக் கழகம், இலங்கைப் பாராளுமன்றம் யாப்பு விதித்த முறைப்படிதான் அந்த யாப்பைத் திருத்தலாம் என்றது. முறையும் வடிவமும் பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்று ஜென்னிங்ஸ் எழுதியதோடு ஒத்துப்போகிற தீர்ப்பு. 29(2)ஐக் குறித்து அதே தீர்ப்பில், இது இந்நாட்டுப் பிரஜைகள் ஒருவரோடொருவர் செய்துகொண்ட புனிதமான உரிமைச் சமநிலை, யாப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டதன் அடிப்படை நிபந்தனை என்ற கருத்தில் சொன்னார்கள். பிரஜைகளுக்கிடையில்! பதினொரு வருசத்துக்கு முன்பு அதே கழகம் வெளியே நிறுத்திவைத்தவர்களுக்கு அந்தச் சமநிலையில் இடம் இல்லை. 1972இல் வந்த குடியரசு யாப்பில் 29(2)உம் போய்விட்டது.

1978ஆம் ஆண்டு யாப்பில் அடிப்படை உரிமைகளோடு, அவை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 126ஆம் உறுப்புரையும் வந்தது. அதில் 14(2) என்று ஒரு சின்ன உறுப்புரை இருக்கிறது, பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். வேறு எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாமல் இங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்குப் பேச்சுச் சுதந்திரம் முதலான உரிமைகள் பத்து வருசத்துக்கு உண்டு என்கிறது. நம்மைப் பெயர் சொல்லாமல் சொல்லும் வரி அது. எங்கள் அப்பா அந்தப் பத்து வருசத்தில் வாழ்ந்தவர். 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு சத்தியக் கடதாசி கொடுத்துப் பிரஜையானார். மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஜென்னிங்ஸை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, நேரே ‘சட்டமும் அரசியலமைப்பும்’ நூலுக்குப் போங்கள் என்பேன், வழமைகள் பற்றிய அத்தியாயம் தனியாகவே நிற்கும். அப்புறம் ‘இலங்கையின் அரசியலமைப்பு’. அவருடைய மனிதப் பக்கம் தெரியவேண்டுமென்றால் ‘பேராதனைக்குப் போகும் பாதை’ என்ற தன்வரலாறு இருக்கிறது, அவர் இறந்து நாற்பது வருசம் கழித்து 2005இல் அச்சேறியது. கண்டி வீதியைப் பற்றி எழுதிவைத்த ஒரு சிறு நூலும் அதற்கு முன்பே வந்தது. நம்முடைய தெருக்களையும் மலைகளையும் ஒரு வெள்ளைக்காரர் எவ்வளவு ஆசையோடு பார்த்திருக்கிறார் என்று தெரியும். வரைபு வேலைகளைப் பற்றிய அவருடைய குறிப்புகளை ஹர்ஷன் குமாரசிங்கம் தொகுத்துக் கேம்பிரிட்ஜ் வெளியிட்டிருக்கிறது, விலைதான் கூட.

எனக்குத் தெரிந்தவரை இவை எதுவும் தமிழில் கிடைக்காததுதான் குறை. எல்லாவற்றையும் மொழிபெயர்க்க எனக்கு வலு இல்லை. கோடகன்பிள்ளை வழக்கின் தீர்ப்பு சில பக்கங்கள்தான், அதை வகுப்புக்காகத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறேன். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை முதல் பக்கத்தை வாங்கிக்கொண்டு போய், ஓரத்தில் பென்சிலால் அவளுடைய கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். முதல் கேள்வி: “இந்தச் சட்டத்தால யாருக்குப் பாதிப்புன்னு எண்ணிப் பார்த்தாங்களா சேர்?”